கணினி கேள்வி – பதில்: பழைய நெட்புக்கில் பேரேடு

கேள்வி: எங்கள் வீட்டில் 2009-இல் வாங்கிய நெட்புக் ஒன்று சும்மா கிடக்கிறது. இன்டெல் ஆட்டம் என்270 பிராசஸர், 1 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. எங்கள் ஐயா காலத்தில் ரங்கூனில் நடந்த லேவாதேவிக் கடையின் பேரேடுகளை அதில் தட்டச்சு செய்து வைக்க விரும்புகிறேன். லினக்ஸ் போடலாமா? ஹைக்கு என்ற இயங்குதளம் இன்னும் வேகமானது என்கிறார்களே?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் எந்த லினக்ஸ் என்பதை உங்கள் பிராசஸர்தான் தீர்மானிக்கும். என்270 32-பிட் மென்பொருளை மட்டுமே இயக்கும். இன்று பேர் பெற்ற லினக்ஸ் வகைகளில் பலவும் 64-பிட்டுக்கு மட்டுமே வருகின்றன. பழைய கணினிகளை நெடுங்காலம் கைவிடாமல் இருந்த டெபியன்கூட, 2025-இல் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் 32-பிட் பிசிக்கான நிறுவியைத் தரவில்லை. ஆகவே, டெபியன் 12-இன் மேல் கட்டப்பட்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ் வகையின் 32-பிட் பதிப்பைப் பரிந்துரைக்கிறேன்.

இயங்குதளத்தை மாற்றினால் எல்லாம் பறக்கும் என்று எண்ண வேண்டாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சிறிய சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, ரேமை 2 ஜிபி ஆக்கினால் (இவ்வகைப் பலகைகளின் உச்சவரம்பு பெரும்பாலும் அதுதான்) தெரியும் வித்தியாசம், எந்த லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டாலும் தெரியாது. அப்போதும் இன்றைய இணையப் பக்கங்கள் திணறியே திறக்கும். பாரம் இயங்குதளத்தில் இல்லை, பிரவுசரில் இருக்கிறது. உங்கள் வேலைக்கோ பிரவுசரே தேவையில்லை. கணக்குக்கு நியூமெரிக் என்ற விரிதாள் மென்பொருள் போதும். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் பொதிகளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும்.

பழைய பேரேட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் வேறு. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ ஆகிய குறிகளும் ௧, ௨ முதலான தமிழ் எண்களும் யூனிகோடின் வழக்கமான தமிழ்ப் பகுதியிலேயே இருக்கின்றன. மாகாணி, அரைக்கால், முந்திரி போன்ற பின்னக் குறிகளோ 2019-இல் வெளியான யூனிகோடு 12-இல்தான் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஆதலால் பழைய எழுத்துருக்களில் அவை வெற்றுக் கட்டங்களாகத் தெரியும். இதற்கென நோட்டோ வரிசையில் உள்ள தமிழ்த் துணை எழுத்துருவை முதலிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். ஏட்டில் உள்ள குறியை அப்படியே ஒரு பத்தியிலும், அதன் மதிப்பைத் தசமத்தில் அடுத்த பத்தியிலும் இட்டால், பின்னால் கூட்டிச் சரிபார்க்க வசதியாக இருக்கும்.

ஹைக்கு, பீஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் 2001-இல் தொடங்கப்பட்ட திட்டம். 32-பிட் பதிப்பும் உண்டு; குறைந்த ரேமிலும் சுறுசுறுப்பாக ஓடுவதால் கைவேலைப் பிரியர்களுக்கு நல்ல விளையாட்டுக் களம். ஆனால் எதையும் நிறுவுமுன் யுஎஸ்பி டிரைவிலிருந்தே ஓட்டி, ‘கொ’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு முன்னும் கால் பின்னுமாக விழாத இயங்குதளம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

கேள்வி: என் அண்ணனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 10 வைத்திருக்கிறோம், விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. 64-பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம். என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

பதில்: விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பழைய மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் இராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு மாறிவிடுங்கள். லினக்ஸ் உங்களுக்குப் புதிதல்ல: 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககால மடிக்கணினிகளிலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. பலர் அந்த பாஸ் லினக்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. மாற்றுவதற்கு முன், அண்ணனின் கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். நிறுவும்போது ‘டிஸ்க் முழுவதையும் அழி’ என்ற தெரிவை அவர் சம்மதம் இல்லாமல் அழுத்தாதீர்கள்.