தளி பக்கம் சிமென்ட் ஷீட் வீடு. மார்கழிக் குளிருக்குக் கரி அடுப்பு வைக்கலாமா, ரூம் ஹீட்டர் வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: கிருஷ்ணகிரி மாவட்டத் தளிக்குப் பக்கத்தில் வாடகை வீடு, மேலே சிமென்ட் ஷீட், படுக்கும் அறை 10-க்கு 12 அடி, வீட்டில் 75 வயது மாமியாரும் மூன்று மாதக் கைக்குழந்தையும். விடியற்காலையில் குளிர் தாங்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

படுக்கும் அறைக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். ஹீட்டர் வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் கூரையைக் கவனியுங்கள். கூரையை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு பெரிய ஹீட்டர் வாங்கினாலும் கரண்ட் பில்தான் ஏறும்.

கரி அடுப்பை முதலில் பேசிவிடலாம், அது உயிர் விஷயம். உங்கள் பக்கம் பட்டுப்புழு மனைகளில் 24 முதல் 28 டிகிரி வரை சூடு தேவை என்பதால் குளிர்காலத்தில் கரி அடுப்பு மூட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் கும்மட்டி அடுப்பில் கங்கு போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைக்கிறவர்கள் உண்டு. புழு மனையிலேயே காற்றோட்டம் விட்டுத்தான் வைக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு மனிதர்கள் எட்டு மணி நேரம் தூங்கும் அறைக்கு அது பொருந்தவே பொருந்தாது. புகை அடங்கி, கங்கு செக்கச்செவேல் என்று கனலும்போதுதான் ஆபத்து அதிகம். அப்போது வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. "அந்தக் காலத்தில் எல்லாரும் கணப்பு வைத்துத்தானே படுத்தார்கள்" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் காலத்து நாட்டு ஓட்டிலும் கீற்றிலும் எங்கே பார்த்தாலும் சந்து. அந்தச் சந்துதான் அவர்களைக் காப்பாற்றியது. நீங்கள் இப்போது அந்தச் சந்துகளை அடைக்கப் போகிறீர்கள் என்பதால் கரி, விறகு, மண்ணெண்ணெய், கேஸ் அடுப்பு என எரியும் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. வேறு யார் வீட்டிலாவது இப்படி மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால், கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இனி கூரை. தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலம் ஏறக்குறைய 900 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமில்லாத மார்கழி, தை இரவுகளில் கூரை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால்தான் மேகம் கவிந்த இரவைவிட நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவில் குளிர் கடிக்கிறது. வெளியே 12 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 120 சதுர அடி ஷீட் வழியாக மட்டும் ஏறக்குறைய 500 வாட் சூடு தொடர்ந்து வெளியேறும். அதே அளவுள்ள ஐந்து அங்குல கான்கிரீட் கூரையில் இது கணிசமாகக் குறையும். இன்னொரு கணக்கும் பாருங்கள்: அந்த அறையில் இருக்கும் மொத்தக் காற்றையும் எட்டு டிகிரி சூடாக்க ஒரு யூனிட் கரண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். ஹீட்டர் இரவெல்லாம் உழைப்பது கூரை, சுவர், சந்து வழியாக ஓடிப்போகும் சூட்டை ஈடுகட்டத்தான்.

ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். ஷீட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் கீழே அரைவட்டமாக ஒரு வாய் திறந்திருக்கும். வளைவுக்கு வளைவு சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது பத்தடிச் சுவரில் இருபது வாய். வாடைக்காற்று நேராக உள்ளே வருவது இதன் வழியாகத்தான். பலரும் சிமென்ட் கலவையை மட்டும் அப்பி அடைப்பார்கள். வெயிலில் ஷீட் விரியும், இரவில் சுருங்கும். ஒரே வருடத்தில் கலவை விரிசல் விட்டு உதிரும். கெட்டியான ஃபோமை வளைவுக்கு ஏற்றபடி வெட்டி உள்ளிருந்து திணித்து, வெளிப்பக்கம் எலி கடிக்காதபடி கம்பி வலை வைத்தால் நிற்கும்.

அடுத்தது ஷீட்டுக்குக் கீழே ஒரு தடுப்பு. வெள்ளி நிற ஃபாயில் ஒட்டிய பபுள் ஷீட் அல்லது ஃபோம் ஷீட் ஓசூரிலேயே கிடைக்கும். இதில் எல்லோரும் செய்யும் தப்பு, அதை ஷீட்டோடு ஒட்டி அறைவது. ஃபாயில் வேலை செய்ய அதற்கு முன்னால் ஒன்று, இரண்டு அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிவிட்டால் அது வெறும் தகடு. கூரையைத் தாங்கும் இரும்பு பைப்பில் பைண்டிங் கம்பி கட்டி, அதன்மேல் தொங்கவிடுங்கள். சேரும் இடங்களை ஃபாயில் டேப் போட்டு மூடுங்கள். ஷீட்டில் துளை போடாதீர்கள். சிமென்ட் ஷீட்டில் பெரும்பாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். துளை வழியாக மழைக்காலத்தில் ஒழுகவும் செய்யும். வீட்டுக்காரர் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாவிட்டால், கட்டிலுக்கு மேலே ஏழடி உயரத்தில் கெட்டித் துணியால் ஒரு மேற்கட்டி கட்டுங்கள். சூடு மேலே ஏறித் தப்புவது குறையும். தெர்மாகோல் பலகை மலிவுதான். ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும் என்பதால் குழந்தை படுக்கும் அறைக்கு நான் சொல்லமாட்டேன்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவின் அடி இடைவெளியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூன்றடிக் கதவுக்குக் கீழே அரை அங்குலச் சந்து என்றால் 18 சதுர அங்குலம். சுவரில் நாலுக்கு நாலரை அங்குலம் ஓட்டை போட்டு வைத்ததற்குச் சமம். ரப்பர் ஸ்ட்ரிப் இல்லாவிட்டால், பழைய புடவையை உருளையாகச் சுருட்டி உறை தைத்து வைத்தாலும் போதும். மற்ற சந்துகளைக் கண்டுபிடிக்க, காற்று அடிக்கும் ஒரு சாயங்காலம் ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தி ஏற்றி ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறாமல் படுத்துக்கொள்ளும் இடமெல்லாம் சந்து. மரச்சட்டத்துக்கு ஃபோம் டேப் ஒட்டலாம். ஸ்லைடிங் ஜன்னலில் ஓரப் பிரஷ் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

பகலில் வெயிலைப் பிடித்து வைக்கவும் வேண்டும். டிசம்பர் கடைசியில் நம் பக்கம் உச்சி வெயிலே தலைக்கு மேல் இருக்காது, தெற்கே 36 டிகிரி சாய்ந்திருக்கும். தெற்கு ஜன்னல் திரையைப் பத்து மணிக்கு விலக்கி, நாலரைக்கு ஜன்னலையும் திரையையும் மூடிவிடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் சேர்ந்த சூடு பாதி போய்விட்டிருக்கும்.

கட்டில் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் ஓரடி தள்ளிப் போடுங்கள். காற்று 20 டிகிரி இருந்தாலும் குளிர்ந்த சுவர் பக்கத்தில் இருந்தால் உடம்பு தன் சூட்டை அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். "ஹீட்டர் ஓடுகிறது, முதுகு மட்டும் சில்லென்று இருக்கிறது" என்று மாமியார் சொன்னால் காரணம் இதுதான். தரை கிரானைட்டாக இருந்தால் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம். மெத்தைக்கு மேலே ஒரு கம்பளியை விரித்து அதன்மேல் படுப்பது, இன்னொரு போர்வை போர்த்துவதைவிடப் பலன் தரும்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் அறைக்கு 1,000 வாட் போதும். செய்யாவிட்டால் 2,000 வாட்டும் போதாது.

ஹீட்டர் வகைகளில் விற்பவர் என்ன சொன்னாலும், ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கும் சூடு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசி மட்டும் விதிவிலக்கு. வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்து வருவதால் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தரும். சொந்த வீடாக இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு ஆயில் ஹீட்டர் சரிப்படும், ஒன்பது ஃபின் (சூட்டைப் பரப்பும் தகடு) உள்ளது போதும். அறை சூடாக அரை மணி நேரம் எடுக்கும், ஆனால் சத்தமில்லை, வெளிச்சமில்லை, கனலும் கம்பி வெளியே தெரியாது, தெர்மோஸ்டாட் தானாக நிறுத்தும். பிளோயர் சீக்கிரம் சூடாக்கும், சத்தத்தில் குழந்தை தூங்காது. ஹாலஜன் எதிரே இருப்பவரை மட்டும்தான் சூடாக்கும். மாமியார் சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க, மூன்றடி தள்ளி 400 வாட் ராடு ஒன்றைப் போடுவது நல்ல சிக்கனம். அதைப் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது.

எந்த ஹீட்டரின் மேலும் குழந்தைத் துணியைக் காயப்போடாதீர்கள். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஈரமெல்லாம் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்த ஷீட்டில் படிந்து, விடியற்காலையில் போல்ட் முனைகளில் முத்து முத்தாகத் தொங்கிப் படுக்கையில் சொட்டும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. ஹீட்டரை 2,000 வாட்டில் ஓட்டினால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். லைட், ஃபேன் போர்டில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் இவை வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். லூஸ் காண்டாக்ட் இருக்கும் இடம்தான் முதலில் சூடாகி உருகும். போட்டு அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செலவைக் கட்டுக்குள் வைக்க, படுக்கப் போகும் முன் எட்டரை முதல் பத்தரை வரையும், குளிர் உச்சத்தில் இருக்கும் நாலு முதல் ஆறு வரையும் ஓட்டுங்கள். 1,000 வாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட், இரண்டு மாத பில்லில் 240 யூனிட் கூடும். மின்வாரியத்தின் இலவச யூனிட் உங்கள் வழக்கமான செலவிலேயே முடிந்திருக்கும். ஆகவே கூடுதல் யூனிட் எல்லாமே மேல் ஸ்லாபில் விழும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கூரைக்குச் செய்யும் செலவு கட்டுப்படியாகுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஹீட்டர் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொல்வார்கள். வெளியே 12 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கும் பனிக்காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினாலும் ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழே போகாது. நம் பக்கம் அந்தக் கிண்ணம் தேவைப்படாது. எலக்ட்ரிக் ஹீட்டர் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும் என்பதும் உண்மையில்லை, அதில் எதுவும் எரிவதில்லை. ஆனாலும் மூன்று பேர் தூங்கும் அறை, ஆகவே கூடத்துப் பக்கத்துக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சின்ன ரூம் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கட்டில் உயரத்தில் மாட்டுங்கள். குழந்தைக்காக 26, 27 என்று ஏற்றிவிடாதீர்கள், அதிகச் சூடும் குழந்தைக்கு ஆபத்துதான். கை கால் சில்லென்றிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். தூங்கும்போது குல்லாவும் வேண்டாம், தளர்ந்த கனமான போர்வையும் வேண்டாம். ஹாட் வாட்டர் பேக் மாமியாருக்கு மட்டும்: கொதிநீர் ஊற்றாமல், முக்கால் பைக்கும் குறைவாக நிரப்பி, காற்றை வெளியே தள்ளி மூடி, துண்டில் சுற்றிக் கொடுங்கள். அவருக்குச் சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் காலடியில் வைக்காதீர்கள், சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் கரி அடுப்புக்குச் சொன்னது அத்தனையும் அதற்கும் பொருந்தும். கீசர் வெளியே இருக்க வேண்டும், வெந்நீர் பைப் மட்டும் உள்ளே வரலாம். இப்போது உள்ளே மாட்டியிருந்தால், அதை வெளியே மாற்றும்வரை கதவைத் திறந்து வைத்து வாளியில் பிடித்துக்கொண்டு, கீசரை நிறுத்திவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். குளிருக்குப் பயந்து அந்தக் குளியலறை வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.