பொறியில் விழுந்தது எந்த ஈ?

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் பழ ஈக்களுக்குப் பொறி வைத்திருக்கிறோம். வெளிநாடுகளில், இயற்கை ஈக்களோடு கூடி இனம் பெருகாமல் தடுக்க, மலட்டு ஈக்களைத் திறந்துவிடுகிறார்களாமே, பொறியில் விழுந்தது விடப்பட்ட ஈயா, இயற்கை ஈயா என்பதை எப்படி அறிகிறார்கள்?
– வாசகர், கோட்டையூர்

பதில்: மிக நல்ல கேள்வி, ஏனெனில் மலட்டு ஈயை இயற்கை ஈயென்று எண்ணினால் வீண் பதற்றம், மாற்றி எண்ணினாலோ தொற்றே கண்ணுக்குத் தப்பிவிடும். கலிபோர்னியாவில் மத்தியதரைக்கடல் பழ ஈயை ஒடுக்கும் பணியில், கதிர்வீச்சால் மலடாக்கும் கூட்டுப்புழுக்களின் மேல் ஒளிரும் சாயப்பொடியைப் பூசுகிறார்கள். ஈ கூட்டை உடைத்து வெளிவரும்போது அதன் நெற்றியில் ஒரு சிறு பை உப்பி எழும். பொடித் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ள, பை மீண்டும் சுருங்கித் தலைக்குள் அடங்கும்போது துகள்களும் உடன் சென்று தங்கிவிடுகின்றன. உடம்பின் மேலுள்ள பொடி உதிர்ந்தாலும் இது எளிதில் போகாது. புற ஊதா விளக்கின் கீழ் அந்த இடம் பளிச்சென்று ஒளிரும். ஐயமிருந்தால் தலையை நசுக்கி நுண்ணோக்கியில் தேடுவார்கள்.

ஆயினும், ஒரே பொறியில் நெருங்கிக் கிடக்கும் இயற்கை ஈயின் மேலும் சாயம் ஒட்டக்கூடும். அப்போது ஆண் ஈயின் விந்தகத்தை அறுத்து, கதிர்வீச்சின் பாதிப்பு உண்டா என்று பார்ப்பதே நம்பகமானது என்பேன். இதேபோல் மலடாக்கி விடப்பட்ட, பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கோ வழி வேறு: புழுவின் உணவிலேயே சிவப்புச் சாயம் கலந்ததால், அது வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியின் வயிற்றை நசுக்கினால் உள்ளே சிவப்பு தெரிந்தது.