சித்தப்பாவின் குறிப்பேடு இன்று உதவுமா? பர்மாவுக்குக் குறைந்த செலவில் வர விரும்புவோருக்கு

சென்னை வியாசர்பாடியிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலேறித் தமிழகம் திரும்பியவர். உறவினர் சிலர் இன்னும் பர்மாவின் மோன் மாநிலத்திலுள்ள தட்டோன் அருகே வாழ்கிறார்கள். சித்தப்பா 1986இல் முதுகுப்பையுடன் 7 நாள் பர்மாவைச் சுற்றிவிட்டு எழுதிவைத்த குறிப்பேடு ஒன்றும், 2019இல் மணிப்பூரின் எல்லை ஊரான மோரே வழியாகத் தரைமார்க்கமாக வந்துபோன நண்பரின் செலவுக் கணக்கு ஒன்றும் அவர் கையில் இருக்கின்றன. "விமானக் கட்டணம் போக 50,000 ரூபாயும் 12 நாள் விடுப்பும் இருக்கின்றன. இந்த இரண்டில் எதை நம்பித் திட்டமிடுவது? மோரே வழியாக நானும் வரலாமா? உறவினர் வீட்டில் தங்கினால் செலவு மிச்சமாகாதா?" என்று கேட்கிறார்.

தம்பி, தரைவழியைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் பணம்தான் போகும், இதில் உயிர் போகலாம். மோரே வழியாக வர வேண்டாம். கடவுச்சீட்டும் விசாவும் உள்ள பயணிகள் மோரேயிலிருந்து பர்மா பக்கத்து ஊரான தமுவுக்குக் கடந்து வரலாம் என்று 2018 ஆகஸ்டில் இரு நாடுகளும் வாயிலைத் திறந்தன. உங்கள் நண்பர் வந்தது அந்த வாயில் வழியாகத்தான். பெருந்தொற்றுக் காலமான 2020இல் அது மூடப்பட்டது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, தமுவிலிருந்து கலே வழியாக உள்நாட்டுக்கு வரும் சாலை கடந்துசெல்லும் சகாயிங் வட்டாரம் நாட்டின் மிகக் கடுமையான போர்க்களங்களுள் ஒன்றாகிவிட்டது. இந்தியப் பக்கத்திலும் 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த கலவரம் மோரே நகரை எரித்தது. 1960களில் பர்மாவிலிருந்து தமிழகம் சென்று, அங்கே வாழ வழியின்றி மீண்டும் பர்மாவுக்கே நடந்துவிட முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட நம்மவர்கள் குடியேறிய ஊர் அது. அங்குள்ள அங்காள பரமேசுவரி கோயிலைப் பார்த்துவிட்டு எல்லையைக் கடக்கலாம் என்று ஆசை எழுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வழியை இந்தப் பயணத்தில் எண்ணவே கூடாது. பாங்காக் அல்லது கோலாலம்பூர் வழியாக யாங்கோனுக்கு (ரங்கூனின் இன்றைய பெயர்) விமானத்தில் வாருங்கள்.

இனி, கையிலுள்ள இரண்டு கணக்குகளைப் பார்ப்போம். இரண்டுமே பொய்யானவை அல்ல. ஆனால் பர்மாவில் ஒரு பயணியின் செலவைத் தீர்மானிப்பவை அறை வாடகையோ சாப்பாட்டு விலையோ அல்ல என்பதை இரண்டிலும் தேடினால் காணலாம். அரசு எத்தனை நாள் தங்க விடுகிறது, எந்த விகிதத்தில் பணத்தை மாற்ற விடுகிறது, எந்தச் சாலையைத் திறந்து வைத்திருக்கிறது என்ற மூன்றும்தான் எக்காலத்திலும் இங்கே மலிவையும் செலவையும் உண்டாக்கின. அந்த மூன்றும் மாறும்போதெல்லாம் அதுவரை எழுதப்பட்ட செலவுக் கணக்குகள் பயனற்றுப்போயின.

சித்தப்பாவின் குறிப்பேட்டில் 'விஸ்கி' என்றும் '555' என்றும் முதல் பக்கங்களிலேயே எழுதியிருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு வெளிநாட்டுப் பயணிக்கு 24 மணி நேரம் மட்டுமே விசா கிடைத்தது. பின்னர் அது 7 நாளாக நீண்டது. தரை எல்லைகள் யாவும் அடைத்துக் கிடந்தன. விமான நிலையத்தில் கையிலுள்ள டாலரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்து, சூலே பகோடா அருகிலிருந்த டூரிஸ்ட் பர்மா அலுவலகம் போன்ற அரசு இடங்களில் மட்டுமே மாற்ற வேண்டும். அரசு விகிதப்படி ஒரு டாலருக்கு 6 அல்லது 7 சாட் தான் கிடைக்கும் (இந்தியப் பத்திரிகைகள் கியாட் என்று எழுதும் அதே நாணயம்). வெளிச்சந்தையிலோ அதைப் போலப் பல மடங்கு கிடைத்தது. எனவே பாங்காக் விமான நிலையத்திலேயே ஜானி வாக்கர் சிவப்பு லேபல் புட்டி ஒன்றையும் 555 சிகரெட் பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்து, ரங்கூன் விமான நிலையமான மிங்கலடோனில் இறங்கியதும் முதல் டாக்சிக்காரரிடம் விற்றுவிடுவது அக்காலப் பயணிகள் அனைவரும் அறிந்த உத்தி. அந்த ஒரு விற்பனையில் கிடைக்கும் சாட், ஒரு வாரச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது.

வெளிநாட்டார் அதைச் சாமர்த்தியமாக எண்ணி எழுதியதை நான் நிறையப் படித்திருக்கிறேன். என் தந்தை அப்போது மொகல் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் புட்டிக்குக் கிடைத்த விலை அவருடைய மாதச் சம்பளத்தில் பாதியைத் தொட்டுவிடும். அயல்நாட்டுச் சரக்கு எதுவும் முறையாக நாட்டுக்குள் வராத பற்றாக்குறையிலிருந்துதான் அந்த மலிவு பிறந்தது. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 சாட் நோட்டுகள் ஈடு எதுவும் தராமல் செல்லாதவையாக்கப்பட்டபோது, பெட்டிக்குள் சேமித்து வைத்திருந்தவர்களின் பணம் ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. உங்கள் சித்தப்பா அதற்கு முந்தைய ஆண்டில் வந்துபோயிருக்கிறார். தட்டோன் உறவினர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

7 நாள் என்ற வரம்பு இன்னொன்றையும் செய்தது. எல்லாரும் ஒரே தடத்தில் ஓடினார்கள்: ரங்கூனிலிருந்து இரவு ரயிலில் மாந்தலே, அங்கிருந்து ஐராவதியில் படகு, பகான், பிறகு தாசி வழியாக மீண்டும் ரயில். குறிப்பேட்டிலுள்ள தங்கும் இடங்களை நம்பி வர வேண்டாம். அன்று அரசு நடத்திய, மங்கிப்போன ஸ்ட்ராண்ட் ஹோட்டல் 1990களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டு ஆடம்பர விடுதியாகிவிட்டது. பழைய பகானில் கோபுரங்களுக்கு நடுவே இருந்த கிராமத்தையும் அங்கிருந்த மலிவான விடுதிகளையும் 1990இல் அரசு காலி செய்து, மக்களைப் புதிய பகானுக்கு மாற்றியது. சித்தப்பா உறங்கிய அறை அங்கே இருந்திருந்தால், அதன் சுவர்கூட இன்று எஞ்சியிருக்காது.

1990களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசா 28 நாளாக நீண்டது. ஆனால் 1993இல் எப்.இ.சி. என்ற அந்நியச் செலாவணிச் சான்றிதழ் வந்தது. தனியாக வரும் பயணி 300 டாலரை, பின்னாளில் 200 டாலரை, விமான நிலையத்திலேயே கட்டாயம் மாற்ற வேண்டும் என்றிருந்த விதி 2003 வரை நீடித்தது. நான் வழிகாட்டியாகத் தொழில் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான். 1996ஐ ஒட்டி அரசு பயணிகளை அழைத்தது. ஆங் சான் சூ கீ வர வேண்டாம் என்றார். வந்த சிலரும் தங்கள் பணம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று விடுதி விடுதியாக விசாரித்தே தங்கினார்கள். அந்தப் பழக்கம் நல்ல பழக்கம், நீங்களும் கைக்கொள்ளலாம்.

நண்பரின் 2019 கணக்கு முற்றிலும் வேறொரு நாட்டைப் பற்றியது போல் தோன்றக் காரணம் உண்டு. 2012 ஏப்ரலில் அரசு தன் பழைய விகிதத்தைக் கைவிட்டு, ஒரு டாலருக்கு 818 சாட் என்று சந்தையை ஒட்டிய விகிதத்துக்கு வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வெளிநாட்டு அட்டைகள் ஏ.டி.எம்.களில் வேலை செய்யத் தொடங்கின. 2014இல் இணைய விசா வந்தது. அதே ஆண்டில், அதுவரை நூற்றுக்கணக்கான டாலர் விலையிலிருந்த சிம் கார்டு 1,500 சாட்டுக்குக் கிடைத்தது. கைப்பேசியில் விடுதியைத் தேர்ந்து, படுக்கைக் கணக்கில் வாடகை கொடுத்து, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் பேக்பேக்கர் தாய்லாந்தில் எப்படியோ அப்படியே இங்கும் உலவிய ஆண்டுகள் அவை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்தான் நீடித்தன.

இன்றைய நிலை அந்த இரண்டு காலங்களும் கலந்த ஒன்று. சுற்றுலா இணைய விசாவும் 28 நாள் தங்கும் அனுமதியும் மீண்டும் இருக்கின்றன. ஆனால் அரசு விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் இடையிலான பிளவு திரும்பிவிட்டது: 2022 ஆகஸ்டு முதல் அரசு விகிதம் டாலருக்கு 2,100 சாட், 2024இல் சந்தை விகிதம் 4,000ஐத் தாண்டியது. அட்டையை நம்பி வர முடியாது. வேலை செய்தாலும் எந்த விகிதத்தில் கணக்கிடப்படும் என்பது உறுதியில்லை. பேஸ்புக், வாட்ஸப் உள்ளிட்ட சேவைகள் 2021 முதல் முடக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தடையைத் தாண்ட உதவும் செயலிகள் கைப்பேசியில் இருந்தால் சோதனைச் சாவடியில் தொல்லை வரலாம். ஆகவே பணத்தைக் கையில் கொண்டுவருவதிலும் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைப்பதிலும் சித்தப்பாவையே பின்பற்றுங்கள். விசா, விடுதி முன்பதிவு, விமானச் சீட்டு ஆகியவற்றை இரண்டிரண்டு படிகள் அச்சிட்டுக்கொள்ளுங்கள். யாங்கோன் வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும் வகையில் சென்னையிலேயே இறக்கிவிடுங்கள்.

டாலர் நோட்டைப் பற்றி ஒரு சொல் அதிகமாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இங்கே வந்து கண்கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மடிப்பு, மைக்கோடு, முத்திரை, கிழிசல் எதுவும் இல்லாத, நீலப் பட்டையுள்ள புதிய 100 டாலர் நோட்டுகளையே இங்கே முழு மதிப்புக்கு வாங்குவார்கள். சிறு கறை இருந்தாலும் விகிதத்தைக் குறைப்பார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள். ஒரு காலத்தில், சி.பி. என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசை எண் கொண்ட நோட்டைக்கூடக் கள்ள நோட்டு என்ற அச்சத்தில் மறுத்தார்கள். சென்னையில் நாணயம் மாற்றும் கடையில் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பார்த்து, பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்து, தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவாருங்கள். உங்கள் 50,000 ரூபாய் ஏறத்தாழ 550 டாலர் ஆகும். உரிமம் பெற்ற மாற்றுநிலையங்களில் மட்டும், நூறு நூறாக மாற்றுங்கள். தெருவில் அழைப்பவரிடம் போகாதீர்கள். இன்று அது சட்டப்படி ஆபத்து, உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் ஆபத்து.

உறவினர் வீட்டில் தங்குவதைப் பற்றி: தங்காதீர்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் உரிமம் பெற்ற விடுதிகளில்தான் தங்க வேண்டும். அதற்கு மேல், வீட்டில் இரவு தங்கும் எந்த விருந்தினரையும் வட்டார நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2021க்குப் பிறகு மீண்டும் கடுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. நம்மவர் பாசத்தால் "இது நம்ம வீடு, யார் கேட்கப்போகிறார்கள்" என்று சொல்வார்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அதே வட்டாரத்தில் வாழப்போகிறவர்கள் அவர்கள். ஓரிரவு வாடகையை மிச்சப்படுத்தும் பொருட்டு அவர்களுக்கு அந்தச் சுமையைத் தர வேண்டாம்.

தட்டோனுக்கும் நீங்கள் போகாமலிருப்பதே நல்லது. மோன் மாநிலத்தின் அந்தச் சாலையில் சண்டையும் சோதனைகளும் எப்போது எழும் என்று சொல்ல இயலாது. இந்தியாவில் வாங்கும் பயணக் காப்பீடுகளில் போரும் உள்நாட்டுக் கலவரமும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். அதற்கு மாற்றாக, உங்கள் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, உறவினருள் மூத்தவர்கள் இருவரை யாங்கோனுக்கு வரவழையுங்கள். அவர்கள் பேருந்துக் கட்டணத்தையும் அறை வாடகையையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இளவயதினரை அழைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து சாவடிகளைக் கடந்து பயணம் செய்ய அவர்கள் அஞ்சுகிறார்கள். எந்தத் தேதியில் வரலாம் என்ற முடிவையும் மூத்தவர்களிடமே விட்டுவிடுங்கள்.

யாங்கோனில் எளிய தனியறை 20 டாலருக்கு முன்பின்னாகக் கிடைக்கும். வாடகையைக் கேட்கும் முன்பு ஜெனரேட்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள், மின்வெட்டு நீண்டது. 12 நாளில் பகான், இன்லே என்று ஓட நினைக்காதீர்கள். மாந்தலே 2025 மார்ச் 28ஆம் தேதி வந்த 7.7 அளவு நிலநடுக்கத்தின் காயத்திலிருந்து இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. ஒரே ஊரில் பல நாள் தங்குவது குறைந்த செலவுப் பயணத்தின் ஆகப் பழைய உத்தி. 7 நாள் விசாவால் உங்கள் சித்தப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. நகரைச் சுற்றி ஏறத்தாழ 46 கிலோமீட்டர் ஓடும் வட்ட ரயிலில் ஒரு காலைப்பொழுதைக் கழியுங்கள். 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயில் 26ஆம் தெரு அருகே இருக்கிறது. அங்கிருந்து நடந்தே மொகல் தெருவுக்குப் போகலாம், அதன் இன்றைய பெயர் ஷ்வே பொன்தா. பான்சோடான் படகுத்துறையிலிருந்து டாலாவுக்குப் படகில் போய்வரலாம். நிலைமை அமைதியாக இருந்தால், நம்பகமான ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டு பகல் வெளிச்சத்திலேயே தன்லியின், சௌத்தான் பக்கம் போய் அங்குள்ள தமிழ்க் கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இரவு 9 மணிக்கு மேல் வெளியே நிற்க வேண்டாம். காவலரையோ படையினரையோ சாவடியையோ படம் எடுக்கவே கூடாது.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு யாங்கோனிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் படித்துவிட்டு, நிலைமை சரியில்லை என்றால் தயங்காமல் தள்ளிவையுங்கள். மாற்றத்தக்க விமானச் சீட்டு சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குவது இதற்காகத்தான். உறவினருக்கு எழுதும்போது, தாத்தாவின் எப்.ஆர்.சி. என்ற அயலார் பதிவுச் சான்றிதழோ பழைய வீட்டு இலக்கமோ அவர்களிடம் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் யாங்கோனில் குடியிருந்த தெரு தெரிந்துவிட்டால், அதன் இன்றைய பெயரைக் காளி கோயிலடியில் உள்ள பெரியவர்களிடம் விசாரித்து அறிந்துகொள்ளலாம்.