ஐ.நா. வாக்கெடுப்பால் உலக அரசு வருமா?

வராது. உங்கள் கட்டுரைக்காக நீங்கள் கேட்டதுபோல், எல்லா உறுப்பு நாடுகளும் வாக்களிக்கும் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தாலும் ஐ.நா. உலக அரசாகிவிடாது. அதற்கு ஐ.நா.வின் அடிப்படை ஒப்பந்தமான சாசனத்தையே திருத்த வேண்டும்; அதன் 108ஆம் பிரிவுப்படி, அதன்பிறகு மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் தத்தம் நாட்டில் திருத்தத்தை ஏற்க வேண்டும். அவற்றில் பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்தும் இருந்தாக வேண்டும். ஒன்று மறுத்தாலும் போச்சு.

பொதுச்சபைத் தீர்மானத்தைச் சட்டமாக எண்ணியதால் குழப்பம் வந்திருக்கலாம். அவை பெரும்பாலும் பரிந்துரைகளே.

கட்டுரையை அனுப்புமுன் 2(7)ஆம் பிரிவையும் பாருங்கள்: உள்நாட்டு விவகாரங்களில் ஐ.நா. தலையிடக் கூடாது, அமைதிக்கு ஆபத்து வரும்போது பாதுகாப்புச் சபை எடுக்கும் ஏழாம் அத்தியாயக் கட்டாய நடவடிக்கைகள் மட்டும் விலக்கு. என் பார்வையில் பெரிய தடை இதுதான்.

ஆனால் "சாசனம் மாறவே மாறாது" என்று எழுதிவிடாதீர்கள். 1965இல் பாதுகாப்புச் சபை 11 உறுப்பினரிலிருந்து 15 ஆனது இதே 108 வழியாகத்தான்.