கையெழுத்துப் போட்டால் கட்டிப்போட முடியுமா?

வணக்கம்.

என் மகள் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இந்த வருடம் சேர்ந்திருக்கிறாள். அவர்கள் ஏசிசி என்ற விளையாட்டுக் கூட்டமைப்பில் இருக்கிறார்கள். 2036 வரை ஒளிபரப்பு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, 2024-ல் அதே ஏசிசி மீது வழக்குப் போட்டார்கள். புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகமும் அப்படித்தான். போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இறுக்கமாக ஒப்பந்தம் எழுதினால் போகிறவர்களைத் தடுக்க முடியாதா?

ஒரு வாசகர், வட கரோலினா

அன்புள்ள நண்பருக்கு,

தடுக்க முடியாது. எப்போது போகலாம், போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது வரைதான் ஒப்பந்தத்தின் கை நீளும். இதுவரை வந்த பெரிய சண்டைகள் எல்லாம் பணத்தில்தான் முடிந்திருக்கின்றன.

முதலில் இருந்தது வெளியேறும் கட்டணம் மட்டும். 2012 செப்டம்பரில் ஏசிசி அதை ஏறக்குறைய 5 கோடி டாலராக உயர்த்தியது. எதிர்த்து வாக்களித்தவை மேரிலாந்து பல்கலைக்கழகமும் புளோரிடா ஸ்டேட்டும் (இரண்டாவது பெயரை நினைவில் வையுங்கள்). இரண்டே மாதத்தில் மேரிலாந்து பிக் டென் என்ற போட்டிக் கூட்டமைப்பின் பக்கம் போவதாக அறிவித்தது. ‘இது நஷ்டஈடு அல்ல, தண்டனை’ என்பது அவர்கள் வாதம். நஷ்டத்துக்குப் பொருந்தாத தண்டத்தொகையை அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஏசிசியும் சும்மா இருக்கவில்லை. மேரிலாந்துக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டது. கேட்டது 5.2 கோடி, 2014-ல் சமரசமானது 3.14 கோடிக்கு.

அந்தச் சூட்டில்தான் 2013-ல் ஏசிசியில் ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ என்ற உரிமைப் பத்திரம் வந்தது. உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான பூட்டு. வீட்டை விட்டு நீ தாராளமாகப் போகலாம், பத்திரம் மட்டும் எங்கள் பெட்டியில் இருக்கும் என்கிற மாதிரி. அணி போனாலும், அது தன் மைதானத்தில் ஆடும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை பழைய கூட்டமைப்பிடமே இருக்கும். தொலைக்காட்சிக்கு விற்க முடியாத அணியை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

ஆனால் பத்திரத்தில் கெடு தேதி என்று ஒன்று இருக்கிறதே. கலிஃபோர்னியாவின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ பல்கலைக்கழகங்கள் 2022-ல் பாக்-12 என்ற கூட்டமைப்பை விட்டுப் போவதாக அறிவித்துவிட்டு, 2024-ல் உரிமைப் பத்திரம் முடியும்வரை காத்திருந்து போனார்கள். நடுவில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் சரியாக அமையாமல் இன்னும் எட்டுப் பேர் கிளம்பினார்கள். அப்போது மிஞ்சியவை ஓரிகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும்தான். டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்பில் 2025 வரை கட்டு இருந்தது. ஒரு வருடம் முன்னால் போக இருவருமாக 10 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள்.

சரி, கெடுவை நீட்டிவிட்டால்? ஏசிசி அதைத்தான் செய்தது. தனி சேனல் வரும் என்ற எதிர்பார்ப்பில் 2016-ல் எல்லோரும் 2036 வரை கையெழுத்துப் போட்டார்கள். இருபது வருடம்! அதற்குள் எஸ்இசி, பிக் டென் என்ற மற்ற பெரிய கூட்டமைப்புகளில் இருக்கும் பல்கலைக்கழகங்களின் வருமானம் எங்கோ போய்விட்டது. வெளியேற 57.2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டி, 2023 டிசம்பரில் புளோரிடா ஸ்டேட் வழக்குப் போட்டது. அதற்கு முந்தின நாளே ஏசிசி தன் சொந்த மாநிலமான வட கரோலினாவில் மனு போட்டுவிட்டது. புளோரிடா ஸ்டேட் வழக்குப் போட்டது தன் ஊரான தலஹாசியில், கிளெம்சன் தன் மாநிலமான தென் கரோலினாவில். சொந்த மைதானத்தில் ஆடுவதன் அருமை இவர்களுக்குத் தெரியாதா என்ன!

அந்தப் பூட்டு செல்லுமா செல்லாதா என்று கடைசித் தீர்ப்பு வரவே இல்லை. 2025 மார்ச்சில் சமரசம். வெளியேறும் கட்டணம் 16.5 கோடியில் தொடங்கி, வருடத்துக்கு 1.8 கோடி குறைந்து, 2030-31-ல் 7.5 கோடியில் நிற்கும். கட்டிவிட்டால் ஒளிபரப்பு உரிமையும் கையோடு வந்துவிடும். இருக்கிறவர்களைச் சமாதானப்படுத்த, அதிகம் பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு என்றும் ஏற்பாடு. என்னைக் கேட்டால், வக்கீல் எழுதிய எந்த வரியையும் விட இந்தப் பங்கு ஏற்பாடுதான் அவர்களைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்து வைக்கும்.

உங்கள் மகள் பட்டம் வாங்கும்வரை கிளெம்சன் நகராது என்றே நினைக்கிறேன். வருடாவருடம் விலை இறங்கும்போது யார் அவசரப்படுவார்கள்? பிக் டென்னின் இப்போதைய தொலைக்காட்சி ஒப்பந்தமும் 2029-30-ல்தான் முடிகிறது. அந்தச் சமயத்தில் மறுபடியும் எழுதுங்கள்.