சிறுத்தையைச் சுடு என்று மும்பையில் கேட்பவர் யார்?

மனிதரைத் தாக்கும் சிறுத்தையை ஏன் சுடுவதில்லை, மும்பை மக்கள் இதை ஏற்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தான சிறுத்தையைப் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் உறுதிகொண்டால் மட்டுமே கொல்ல அனுமதிக்கலாம்.

மக்கள் கருத்து அவ்வளவு நேரானதன்று. 2018 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில், மனிதரைக் கொன்றதாகக் கருதப்பட்ட அவனி என்ற பெண்புலி சுடப்பட்டபோது நகரங்களில் கண்டனம் எழுந்தது. அந்தப் புலிக்கு அஞ்சி வாழ்ந்த கிராமத்தினரோ பட்டாசு வெடித்தார்கள். தொலைவு கூடக்கூட இரக்கமும் கூடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மும்பையின் புறநகரான முலுண்டில் எங்கள் அடுக்குமாடியின் சிசிடிவியில் சிறுத்தை தெரிந்த இரவு, வாட்ஸ்அப் குழுவில் ஒருவர்கூடச் சுடச் சொல்லவில்லை. எல்லோரும் கேட்டது, அதைப் பிடித்துக்கொண்டுபோகக் கூண்டு. ஆனால் புனே மாவட்டத்தின் ஜுன்னர் பகுதியில் பிடித்த சிறுத்தைகளை வேறிடங்களில் விட்டபின் தாக்குதல்கள் கூடியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பழகிய எல்லையை இழந்த விலங்கு புது ஊரில் தடுமாறுகிறது.

மும்பைக்குள்ளேயே இருக்கும் ஆரே வனப்பகுதியின் வார்லி பழங்குடி மக்கள், வீட்டுக்கு வெளியே கழிப்பிடம் செல்லும் பிள்ளையின் கையில் டார்ச்சைக் கொடுத்தனுப்பிக்கொண்டே, செந்தூரம் பூசிய வாகோபா என்ற புலி-சிறுத்தைத் தெய்வத்தையும் வணங்குகிறார்கள். எங்கள் குழுவிலோ, தெருநாய்களையும் அவற்றைத் தேடிவரும் சிறுத்தையையும் இழுக்கும் குப்பைமேட்டை அகற்றுவது பற்றிப் பேச்சே எழவில்லை.