தியே மா: சீன மொழியில் இரும்பும் குதிரையும்

அன்புள்ள ஐயா,

சீன மொழி படித்து வருகிறேன். சோங் அரசமரபுக் காலக் கவிதை ஒன்றில் வந்த ‘தியே மா’வை ‘இரும்புக் குதிரை’ என்று மொழிபெயர்த்தேன். அதே சொல் தைவான் பயணக் குறிப்பு ஒன்றிலும் ஹாங்காங் செய்தி ஒன்றிலும் கண்ணில் பட்டது. இரண்டிலும் குதிரையே இல்லை! ‘தியே ஜி’ (கவசக் குதிரைப்படை) என்று நான் படித்ததை ஆசிரியை ‘தியே ச்சி’ என்று திருத்தினார். பழைய கவிதை வாசிப்புகளில் ‘ஜி’ என்றுதான் கேட்கிறது. எது சரி? குதிரையேற்றத்தை ஒட்டிய மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்திருக்கிறேன், ஆனால் இடமறிந்து பயன்படுத்த வரவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கவிதையில் வரும் தியே மா, இரும்புக் கவசம் பூட்டிய போர்க்குதிரை. ‘இரும்புக் குதிரை’ என்றால் தமிழில் சிலைதான் நினைவுக்கு வரும். ‘கவசக் குதிரை’ என்று வையுங்கள். முதலில் உச்சரிப்பு: தியே, மா இரண்டும் மூன்றாம் தொனி (தொனி என்பது அசையைச் சொல்லும்போது குரலின் ஏற்ற இறக்கம்). அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக ஏறும். இதை விட்டுவிட்டுத் தனித்தனியாக உச்சரிப்பதுதான் புதிதாகப் படிப்பவர்களின் வழக்கமான பிழை.

அந்த இரும்பு உவமையாகப் பிறந்ததல்ல. நான்காம் நூற்றாண்டு முதல் வட சீன அரசுகளில் வீரனுக்கும் குதிரைக்கும் சேர்த்தே கவசம் பூட்டினார்கள். குதிரைக் கவசம் ஆறு பகுதிகள்: முகமூடி, கழுத்துப் பகுதி, மார்புப் பகுதி, உடல் போர்வை, பின்புற மூடி, பிட்டத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் ‘ஜி ஷெங்’ என்ற அலங்காரத் தண்டு. துளையிட்ட சிறு தகடுகளை வாரால் கோத்துச் செய்தவை இவை. லியாவோநிங் மாகாணத்துச் சாவ்யாங் கல்லறைகளில் இரும்புக் குதிரைக் கவசமே கிடைத்திருக்கிறது. தீட்டிய படம் பார்க்க வேண்டுமென்றால் துன்ஹுவாங்கின் 285ஆம் குகை; அங்குள்ள கல்வெட்டுகளின் ஆண்டுகள் 538, 539.

கவசம் மூடாத இடம் கால். 1140இல் யான்செங்கில் வடக்கிலிருந்து படையெடுத்த ஜுர்ச்சென் மக்களின் குதிரைப்படையை எதிர்கொண்ட சோங் தளபதி யுவே ஃபெய், ‘தலை நிமிராதீர்கள், குதிரையின் காலை மட்டும் வெட்டுங்கள்’ என்று காலாட்களுக்குக் கட்டளையிட்டதாகச் சோங் வரலாறு சொல்கிறது. அந்தப் படையின் கனத்த கவசப் பிரிவுக்குப் பெயர் ‘தியே ஃபுது’, இரும்புத் தூபி. ஃபுது என்பது ‘புத்த’ என்ற சொல்லின் சீன ஒலிவடிவம்.

‘குவாய்ட்ஸி மா’ என்ற பெயரையும் பார்ப்பீர்கள். மும்மூன்று குதிரைகளைத் தோல் வாரால் பிணைத்து ஓட்டிய படை என்று பல நூல்கள் எழுதும், நம்ப வேண்டாம். மூன்று குதிரைகளின் வேகமும் வலுவும் ஒன்றாக இராது, ஒன்று முந்தினால் மற்றது பின்னிழுக்கும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சியென்லுங் பேரரசர் மறுத்தார். குதிரை ஓட்டிய குலத்தவருக்கு அது தெரியாதா! இருபதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தெங் குவாங்மிங், அது படையின் இரு பக்கவாட்டு அணிகளைக் குறித்த சோங் வழக்கு என்று காட்டினார்.

‘ஜின் கெ தியே மா’ (உலோகக் கெ, கவசக் குதிரை) என்ற நான்கெழுத்துத் தொடர் சோங் காலக் கவிஞர் சின் ச்சிஜி 1205இல் எழுதிய பாடலால் புகழ்பெற்றது. தொடர் அவருக்கும் முந்தையது. கெ என்பது நீண்ட காம்பில் குறுக்கே அலகு பொருத்திய பழங்கால வெட்டாயுதம். அவர் காலத்தில் அதை ஏந்திய சிப்பாயே கிடையாது. ஆகவே அந்தத் தொடரை அப்படியே அக்காலப் போர்க்களக் காட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வீறுமிக்க போர்க்காலம்’ என்ற பொருளில்தான் இன்றும் வழங்குகிறது.

இப்போது ஜி, ச்சி. (தமிழில் எழுதினால் ஏசுவதுபோல் இருக்கிறது, என்ன செய்ய.) எழுத்து ஒன்றுதான். ‘ஏறிச் செலுத்து’ என்ற வினைக்கு ச்சி, இரண்டாம் தொனி. ‘குதிரையும் அதன் மேல் வீரனும்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ஜி, நான்காம் தொனி. அது எண்ணும் அலகாகவும் வரும்: கி.மு. 202இல் தோற்றுத் தப்பியோடிய படைத்தலைவன் ஷியாங் யூவிடம் கடைசியில் இருந்தது 28 ஜி, அதாவது 28 குதிரைவீரர்கள். இன்றைய சீன அகராதிகள் ச்சி என்பதையே ஏற்று, ஜியைப் ‘பழைய உச்சரிப்பு’ என்று குறிக்கின்றன. உங்கள் ஆசிரியை தேர்வுக்குச் சரி. கவிதைக்குச் சரியல்ல. அரசிக்கு லிச்சிப் பழம் கொண்டு விரையும் தூதனைப் பற்றிய தாங் காலக் கவிஞர் து மூவின் பாடலில், மூன்றாம் அடியின் இரண்டாம் எழுத்து இது. யாப்பு அங்கே சாய்ந்த தொனி (இன்றைய மூன்றாம், நான்காம் தொனிகள் போன்றது) கேட்கிறது. சமதொனியான (முதல், இரண்டாம் தொனிகள் இவ்வகை) ச்சியைப் போட்டால் அடி உடையும். 2019இல் சீன இணையத்தில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது. வகுப்பில் ச்சி, யாப்புள்ள கவிதையில் ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரபுத்தொடர்களுக்கு ஒரே வழி, குதிரைச் சாமான்களைத் தெரிந்துகொள்வது. சீன எழுத்துக்குள் பொருளைக் குறிக்கும் சிறு கூறான உறுப்பே பொருளைச் சொல்லும். சேணம், சவுக்கு ஆகியவற்றின் எழுத்துகளில் தோல் உறுப்பு. கையில் பிடிக்கும் கடிவாள வாருக்கு நூல் உறுப்பு. வாய்க்கம்பிக்கும் (ஷியென்), அதன் இரு முனைகளிலும் கன்னத்தை ஒட்டி நின்று கம்பி நழுவாமல் தடுக்கும் துண்டுக்கும் (பியாவ்), அங்கவடிக்கும் (தெங்) உலோக உறுப்பு. அங்கவடியில் ஏமாறாதீர்கள்: ஹான் காலத்தில் தெங் என்றால் எண்ணெய் விளக்கு. அங்கவடியே பிறகுதான் வந்தது. சாங்ஷாவில் 302ஆம் ஆண்டுக் கல்லறைப் பொம்மையில் ஏறுவதற்கு மட்டும் இடப்பக்கம் ஒன்று. நான்ஜிங்கின் 322ஆம் ஆண்டுப் பொம்மையில் இரண்டு. 415இல் இறந்த வட சீனப் பிரபு ஃபெங் சுஃபுவின் கல்லறையில் கிடைத்த அசல் அங்கவடிகள் முசுக்கொட்டை மரத்தில் செய்து, பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்தியவை. எழுத்தில் உலோகம், உள்ளே மரம்.

‘ஃபென் தாவ் யாங் பியாவ்’, வழி பிரிந்து பியாவை உயர்த்துதல். வாரை இழுத்தால் குதிரையின் தலையோடு பியாவும் உயரும். புறப்படுகிறார்கள் என்று பொருள். வடக்கு வெய் காலத்து லுவோயாங்கில் நகர நிர்வாகி யுவென் ஜியும் தணிக்கை அதிகாரி லி பியாவும் வீதியில் யார் ஒதுங்குவது என்று சண்டையிட்டு அரசரிடம் போனார்கள். ஆளுக்கொரு வழியாகப் போங்கள் என்றார் ஷியாவ்வென் பேரரசர். இருவரும் வெளியே வந்து அளவுகோலால் வீதியை அளந்து பாதிப்பாதி எடுத்துக்கொண்டார்கள்! இன்று கூட்டாளிகளோ இசைக்குழுவோ குறிக்கோள் வேறாகிப் பிரிவதற்குச் சொல்வது. மாலையில் நண்பரிடம் விடைபெறும்போது சொன்னால் உறவையே முறிப்பதாக ஆகும்.

‘ஷுவென் யா லெ மா’, மலை விளிம்பில் வாரை இழுத்துக் குதிரையை நிறுத்துதல். லெ முதலில் வாய்க்கம்பியோடு கூடிய தலைவார். பிறகு இழுத்து நிறுத்துவதற்கும் ஆனது. தவறான வழியில் போகிறவர் கடைசி நேரத்தில் திரும்புவதையே இது குறிக்கும். வெளியுறவுத் துறை அறிக்கைகளில் எச்சரிக்கையாக அடிக்கடி வரும். சாலை விபத்தைத் தவிர்த்த ஓட்டுநரைப் பாராட்ட இதைப் போடாதீர்கள். ‘ச்சி ஹு நான் ஷியா’, ஏறிய புலியிலிருந்து இறங்க முடியாமை, தொடங்கிய வேலையை விடவும் முடியாத நிலைக்கு. இதற்கு விளக்கம் தேவையில்லை.

தைவானில் தியே மா மிதிவண்டி. அங்கே பேசும் மின்னான் என்ற சீனப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது. தீவைச் சுற்றி வந்ததாக உங்கள் பயணக் குறிப்பு சொன்னால் மிதித்தே சுற்றியிருக்கிறார். ஹாங்காங்கில் அது கூட்டத்தைத் தடுக்கக் காவலர்கள் நிறுத்தும் இரும்புத் தடுப்பு. மோட்டார் சைக்கிளில் வரும் போக்குவரத்துக் காவலரையும் அப்படிச் சொல்வதுண்டு. பழைய நாடகங்களில் கூரை விளிம்போடு சேர்ந்து வந்தால் காற்றில் கிணுகிணுக்கும் தொங்குமணி. அங்கே குதிரைப்படையை ஓட்டிவிட்டால் காதல் காட்சி கெட்டது.

கடைசியாக, எழுத்துகளின் வரிசையைக் கவனியுங்கள். ‘மா தி தியே’ லாடம். ‘தியே தி’, இரும்புக் குளம்பு, அடக்குமுறை. படையெடுத்தவனின் காலடியில் மக்கள் நசுங்குவதைச் சொல்லும் எழுத்துநடைச் சொல். குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பேச்சில் ‘திங் மா ஜாங்’ என்பார்கள்: திங் ஆணி அடித்தல், ஜாங் உள்ளங்கால். இரும்பு அதில் வருவதேயில்லை.